வானொலிக் கச்சேரி, சுற்றிலும் ஸ்பீக்கர்: கோலாலம்பூர் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிச் சலுகையில் வாங்கிய ஹோம் தியேட்டர் செட் நம் வீடுகளில் நிறையவே இருக்கிறது. படத்தில் சண்டை வரும்போது பின்னால் உள்ள ஸ்பீக்கர்கள் கொஞ்சம் அலறும். மற்ற நேரமெல்லாம் தூசு படிந்து கிடக்கும். அந்த செட்டிலேயே ஆகாசவாணியின் கர்நாடகக் கச்சேரியையும் ஐரோப்பிய வானொலிகளின் சிம்பொனியையும் அரங்கத்து ஒலியோடு கேட்கலாம். ஆனால் ரிமோட்டில் ‘சரவுண்ட்’ என்ற பொத்தானை அமுக்குவதோடு வேலை முடிவதில்லை. பெரும்பாலும் அந்தப் பொத்தான்தான் கச்சேரியைக் கெடுக்கிறது.

ஸ்பீக்கர்களையெல்லாம் இயக்கும் பெட்டியான ரிசீவரின் பின்பக்கத்தை இதுவரை திருப்பிப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூர் வீடுகளை மனத்தில் வைத்திருக்கிறேன். பினாங்கிலும் ஏறக்குறைய எல்லாமே பொருந்தும்.

வருவது இரண்டு சேனல்தான்

5.1 என்றால் முன்னால் இடது, நடு, வலது என மூன்று ஸ்பீக்கர்கள், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர். ஆறு தனித்தனித் தடங்களாக, அதாவது சேனல்களாக, பதிவுசெய்து ஆறாகவே வீட்டுக்கு அனுப்பும் வானொலி உலகத்திலேயே குறைவு. ஜெர்மனியின் பி.ஆர். கிளாசிக், ஆஸ்திரியாவின் ஓ.ஆர்.எஃப். போன்றவை டால்பி டிஜிட்டல் 5.1-இல் கச்சேரிகளைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பியிருக்கின்றன. அதற்குப் பயன்பட்ட ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்கள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 19.2 பாகையில். கோலாலம்பூர் இருப்பது ஏறக்குறைய 101.7 பாகையில். இந்த இடைவெளியில் அவை நமக்கு அடிவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. எவ்வளவு பெரிய டிஷ் வைத்தாலும் பிடிக்க முடியாது. பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். பிபிசியின் ஆய்வுப் பிரிவு 2014-இல் லண்டனின் ப்ராம்ஸ் இசை விழாவை நான்கு சேனலில் இணையத்தில் அனுப்பிப் பார்த்தது. பிரெஞ்சு வானொலி 2013-இல் இப்படிப்பட்ட ஒலிக்கென்றே ஒரு தளம் திறந்தது. இவையெல்லாம் சோதனை முயற்சிகள், அன்றாடம் கேட்க நம்பியிருக்கக் கூடியவை அல்ல.

ஆக, நமக்குக் கிடைப்பது ஸ்டீரியோ, இடது வலது என இரண்டு சேனல். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், அரங்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. கச்சேரி மேடையில் நடுவில் உட்கார்ந்து பாடுபவரின் குரல் இடது சேனலிலும் வலது சேனலிலும் ஒரே அளவில் பதிவாகிறது. ஆனால் அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதும், கூரையிலிருந்து இறங்குவதும், ரசிகர்களின் கைத்தட்டலும் இரண்டு சேனலிலும் வேறுவேறாகவே பதிவாகும். இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்தால் பாடகர் மறைந்துவிடுவார், அரங்கம் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பின் ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் இந்தக் கலையின் அடிப்படை. டால்பியின் புரோ லாஜிக் முதல் இப்போதைய ரிசீவர்களில் இருக்கும் வித்தைகள் வரை பலவும் இந்தக் கழித்தலை வெவ்வேறு சாமர்த்தியத்தோடு செய்பவைதான்.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லா அமைப்புகளுக்கும் காரணம் தானாகத் தெரியும். பின் ஸ்பீக்கருக்குப் போவது வித்தியாசம் மட்டும். அந்த வித்தியாசத்தை வழியில் எது கெடுக்கிறதோ அது பின்னால்தான் முதலில் கேட்கும்.

1. வானொலியை நல்ல வழியில் பிடியுங்கள்

பண்பலை வானொலிதான் எளிது என்று தோன்றும். சாதாரண ஸ்டீரியோவுக்குச் சரி, சரவுண்டுக்கு அது கடைசித் தேர்வு. பண்பலையில் இரண்டு சேனலின் கூட்டுத்தொகை ஒரு பகுதியாகவும், அவற்றின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் இன்னொரு பகுதியாகவும் வருகின்றன. சிக்னல் சற்று மெலிந்தால் இரைச்சல் ஏறுவது வித்தியாசப் பகுதியில்தான். கொண்டோக்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் கட்டடத்தில் பட்டு வரும் எதிரொலி அலையும் அதையே கெடுக்கும். விளைவு: முன்னால் பாட்டு, பின்னால் ‘ஸ்ஸ்’.

வானொலி ஆறு என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்லும் மின்னல் பண்பலையை ஆர்.டி.எம். கிளிக் செயலியில் கேட்கலாம். மை ஃப்ரீவியூ டிகோடர் இருக்கும் வீடுகளில் தொலைக்காட்சி வழியாகவும் ஆர்.டி.எம். வானொலிகள் கிடைக்கின்றன. இரண்டுமே ஆன்டெனா இரைச்சலிலிருந்து தப்பிக்கும்.

நாள் முழுக்கச் சாஸ்திரிய இசை வேண்டும் என்றால் ஆகாசவாணியின் ராகம் அலைவரிசை இருக்கிறது. 2016 ஜனவரி 26 அன்று தொடங்கியது. கர்நாடகமும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும். ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் கேட்கலாம். பெங்களூரின் அமிர்தவர்ஷினியும் அங்கேயே உண்டு. மேற்கத்திய இசைக்கு பி.ஆர். கிளாசிக், பிரான்ஸ் மியூசிக், ஓ.ஆர்.எஃப். ஆகியவற்றின் சொந்தத் தளங்களுக்கே போய்க் கேளுங்கள். பல வானொலிகளை ஒன்றாகக் கட்டித் தரும் செயலிகள் வசதிதான், ஆனால் சில நேரம் இருப்பதிலேயே மெலிந்த ஓடையை (ஸ்ட்ரீம்) கொடுத்துவிடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது பிட் வேகம், அதாவது வினாடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பது. 48 கிலோபிட் போன்ற குறைந்த வேக ஓடைகளில் பல நேரம் ஒரு தந்திரம் நடக்கும். ஒரே ஒரு சேனலை அனுப்பிவிட்டு, இடம் வலம் எப்படி இருந்தது என்ற குறிப்பை மட்டும் கூடவே அனுப்புவார்கள். நம் கருவி அந்தக் குறிப்பை வைத்து ஸ்டீரியோவைத் திரும்பக் கட்டும். கைப்பேசி ஸ்பீக்கரில் வித்தியாசமே தெரியாது. சரவுண்டில் போட்டால் பின்னாலிருந்து தண்ணீருக்குள் பேசுவதுபோல ஒரு குழைந்த சத்தம் வரும். ஒலியைச் சுருக்கும் முறை ஏஏசி என்றால் 128 கிலோபிட்டுக்குக் குறையாமல், எம்பி3 என்றால் 192-க்குக் குறையாமல் தேடுங்கள். செயலியில் ‘உயர்தரம்’ என்ற தேர்வு அமைப்புகளுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடி எடுப்பது புது ஒயர் வாங்குவதைவிடப் பயன்தரும்.

நேரக் கணக்கும் வேண்டும். நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். லண்டனைவிடக் குளிர்காலத்தில் எட்டு மணி, மார்ச் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை ஏழு மணி. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மாலை ஏழரைக்குத் தொடங்கும் ப்ராம்ஸ் கச்சேரி நமக்கு விடியற்காலை இரண்டரை. அதனால் நேரலைக்காக விழித்திருக்காமல், தளத்தில் பிற்பாடு கேட்க வைத்திருந்தால் அதைக் கேளுங்கள். சில வானொலிகள் வெளிநாட்டுக்கு இந்த வசதியைத் தருவதில்லை. அப்போது மறு ஒலிபரப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

2. கைப்பேசியிலிருந்து ரிசீவருக்கு

இப்போதைய டெனான், யமஹா, ஓன்கியோ, மரான்ட்ஸ் ரிசீவர்கள் பெரும்பாலானவை நேரடியாக இணைய வானொலியை எடுக்கும். வீட்டு வைஃபையில் இணைத்தால் போதும். அந்தப் பட்டியலில் நீங்கள் தேடும் நிலையம் இல்லையென்றால் தொலைக்காட்சியிலோ ஆண்ட்ராய்டு பெட்டியிலோ செயலியை ஓட்டி எச்டிஎம்ஐ வழியாக அனுப்புங்கள். தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு ஒலி திரும்பி வர, ‘ஆர்க்’ என்று எழுதியிருக்கும் துளையில் ஒயரைச் செருக வேண்டும். பழைய ரிசீவர் என்றால் ஆப்டிகல் ஒயர். ஸ்டீரியோவுக்கு அது தாராளம்.

புளூடூத்தைத் தவிர்க்கலாமா? ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை அது இன்னொரு முறை சுருக்குகிறது. சமையல் செய்துகொண்டே கேட்கப் பரவாயில்லை. உட்கார்ந்து கேட்க ஒயரோ வைஃபையோ மேல்.

எல்லாம் இணைத்த பிறகு ரிசீவரின் சின்னத் திரையைப் பாருங்கள். உள்ளே வருவது ‘பிசிஎம்’ (சுருக்கப்படாத ஒலி) என்றோ ‘2 சேனல்’ என்றோ காட்டினால் ஸ்டீரியோ வருகிறது. இதில் ஒரு பொறி உண்டு. சில தொலைக்காட்சிகளும் பெட்டிகளும் ஸ்டீரியோவைத் தாமே 5.1 ஆக மாற்றி ‘டால்பி டிஜிட்டல்’ என்று அனுப்பும். திரையில் பெருமையாக 5.1 என்று வரும், ஆனால் பின் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். ரிசீவரும் தன் வித்தையைக் காட்டாது. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை பிசிஎம் என்று மாற்றிவிட்டால் சரியாகும்.

3. ஸ்பீக்கரை வைக்கும் இடம்

இருக்கும் வேலையில் பாதி இதுதான், காசும் ஆகாது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 775-ஆம் எண் பரிந்துரை இதற்குக் கோணம் வகுத்திருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நேர் முன்னால் நடு ஸ்பீக்கர். இடது வலது இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை. பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள். எல்லாம் காதிலிருந்து ஒரே தூரத்தில். முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அதே தூரம் உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இருந்தால் அந்த 30 பாகை தானாக வந்துவிடும். ஒரு கயிறு போதும்.

வரிசை வீட்டு ஹாலில் நடப்பது வேறு. சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும், ஒரு பக்கம் மாடிப்படி, இன்னொரு பக்கம் சாமி மேடை. பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லை என்பார்கள். பின்னால் வைக்க வேண்டாம். அந்தக் கோணத்தைத் திரும்பப் பாருங்கள்: 100 பாகை என்பது கிட்டத்தட்டத் தோளுக்கு நேர் பக்கம். சோபாவின் இரண்டு பக்கமும், உட்கார்ந்தால் காது வரும் உயரத்திலோ அதற்குக் கொஞ்சம் மேலோ, சுவர்த் தாங்கியில் மாட்டினால் போதும். முடிந்தால் சோபாவைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னால் இழுங்கள். தலைக்குப் பின்னாலேயே சுவர் இருந்தால் அதில் படும் ஒலி அடித்தொனியைப் பெருக்கி மிருதங்கத்தின் தொப்பியைக் குழப்பிவிடும்.

நம் வீடுகளின் பெரிய எதிரி டைல்ஸ் தரை. பளிங்கு மாதிரி தரை, வெறும் சுவர், கண்ணாடிச் சறுக்குக் கதவு. கைதட்டிப் பாருங்கள், கணீரென்று ஒரு வால் கேட்கும். கச்சேரி அரங்கத்தின் ஒலியோடு இந்த வாலும் சேர்ந்தால் எந்த ரிசீவராலும் பிரிக்க முடியாது. முன் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு தடித்த கம்பளம் விரியுங்கள், கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். புத்தக அலமாரி இருந்தால் அதைப் பக்கச்சுவருக்கு நகர்த்துங்கள். இந்த மூன்றுக்கும் பிறகுதான் ஸ்பீக்கரை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் போடுங்கள். இசையில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வருகிறது. பின்னால் இருப்பவை செட்டோடு வந்த சின்னவையாகவே இருக்கலாம்.

4. அளவெடுத்தல்

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வந்திருக்கும். பலர் அதைப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலேயே வைத்திருக்கிறார்கள். டெனானிலும் மரான்ட்ஸிலும் ஆடிஸி, யமஹாவில் ஒய்பாவ், ஓன்கியோவில் அக்யூ ஈக்யூ என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரம், சத்தம், அலைவரிசைக் குறைபாடு ஆகியவற்றை அளந்து சரிசெய்யும். மைக்கைக் காது உயரத்தில் ஒரு கேமரா முக்காலியில் வையுங்கள், சோபா மெத்தைமேல் போடாதீர்கள். மின்விசிறி, ஏர்கண்டிஷன் இரண்டையும் நிறுத்துங்கள். மழை நேரத்தில் வேண்டாம்.

முடிந்ததும் தூரங்களை ஒரு பார்வை பாருங்கள். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 செ.மீ. போகிறது, ரிசீவர் இந்தத் தூரங்களை வைத்துத்தான் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தாமதப்படுத்துகிறது. இரண்டு மீட்டரில் இருப்பதை நான்கு மீட்டர் என்று காட்டினால் எங்கோ எதிரொலியில் ஏமாந்திருக்கிறது, திரும்ப அளக்கவிடுங்கள். சப்வூஃபர் மட்டும் உண்மையைவிட அதிகத் தூரம் காட்டலாம். அது அதன் உள்தாமதத்தால் வருவது, தொடாதீர்கள். அடித்தொனி சப்வூஃபருக்குப் பிரியும் இடத்தை (கிராஸ்ஓவர்) 80 ஹெர்ட்ஸில் வைத்தால் பெரும்பாலான சிறு ஸ்பீக்கருக்கும் பொருந்தும்.

ஆடிஸியில் ‘டைனமிக் ஈக்யூ’ என்று ஒன்று உண்டு. சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது அடித்தொனியைக் கூட்டும், கூடவே பின் ஸ்பீக்கர்களையும் கூட்டும். படத்துக்கு அருமை. கச்சேரியில் சத்தம் குறையக் குறைய அரங்கம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போவதுபோல இருக்கும். அணைத்துவிடுங்கள், அல்லது அதற்குள் இருக்கும் ‘ரெஃபரன்ஸ் லெவல்’ தேர்வை 10 அல்லது 15 என்று வையுங்கள்.

5. எந்த மோடு?

இங்கேதான் பெரும்பாலான கச்சேரிகள் சிதைகின்றன. ஒலியை எந்த ஸ்பீக்கருக்கு எப்படிப் பிரிப்பது என்பதற்கு ரிமோட்டில் பத்துப் பதினைந்து மோடு இருக்கும்.

எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைப் போடும் மோடு, ‘மல்டி சேனல் ஸ்டீரியோ’ என்பது போன்ற பெயரில் வருவது, திறந்த இல்ல உபசரிப்புக்கு ஏற்றது. வீடு முழுக்கப் பாட்டு கேட்கும். கச்சேரிக்கு வேண்டாம், பாடகர் முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் பாடுவார்.

யமஹாவில் ‘வியன்னா அரங்கம்’, ‘மியூனிக் அரங்கம்’ என்று அழகான பெயர்களில் மோடு இருக்கின்றன. இவை ஒலிக்குச் செயற்கையாக எதிரொலி சேர்ப்பவை. ஏற்கெனவே அரங்கத்தில் பதிவான கச்சேரியில் போட்டால் அரங்கத்துக்குள் அரங்கம் ஆகிவிடும். ஸ்டுடியோவில் பதிவான, எதிரொலியே இல்லாத வறண்ட ஒலிபரப்புக்கு மட்டும் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம்.

கச்சேரிக்குப் பொருந்துபவை கழித்தல் முறையில் வேலை செய்பவை: பழைய ரிசீவரில் புரோ லாஜிக் 2-இன் ‘மியூசிக்’, அல்லது டிடிஎஸ் நியோ 6-இன் ‘மியூசிக்’, புதியவற்றில் டால்பி சரவுண்ட், டிடிஎஸ் நியூரல் எக்ஸ், சிலவற்றில் ஆரோமேட்டிக். பெயருக்குப் பக்கத்தில் ‘மூவி’ என்று இருந்தால் அதை விட்டு ‘மியூசிக்’குக்கு மாற்றுங்கள்.

அடுத்த சிக்கல் நடு ஸ்பீக்கர். இந்த மோடுகள் நடுவில் இருப்பதையெல்லாம், அதாவது பாடகர் குரலை, நடு ஸ்பீக்கருக்கு இழுக்கும். செட்டோடு வந்த நடு ஸ்பீக்கர் பெரும்பாலும் தொலைக்காட்சிக்குக் கீழே படுத்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. மொத்தக் குரலும் அதில் அடைபட்டு மெலிந்துபோகும். புரோ லாஜிக் 2-இல் ‘சென்டர் விட்த்’ என்ற அளவைக் கூட்டுங்கள். டால்பி சரவுண்டில் ‘சென்டர் ஸ்ப்ரெட்’டைப் போடுங்கள். இன்னும் எளிது, ஸ்பீக்கர் அமைப்பில் ‘சென்டர்: இல்லை’ என்று சொல்லிவிடுவது. தனியாக உட்கார்ந்து கேட்பவருக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. குடும்பமே வரிசையாக உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவருக்கு நடு ஸ்பீக்கர் தேவைப்படும்.

இப்போது பின் ஸ்பீக்கரின் சத்தம். இதுதான் முக்கியம். அளவெடுத்த மைக் வைத்துத் தந்த எண்ணிலிருந்து 2 முதல் 4 டெசிபெல் குறையுங்கள். அப்புறம் கச்சேரியை ஓடவிட்டு, பின் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று காதால் தேடுங்கள். கண்டுபிடிக்க முடிந்தால் இன்னும் குறையுங்கள். கண்டுபிடிக்க முடியாத இடத்தில் நிறுத்தி, மோடை ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். அறை திடீரென்று சுருங்கினாற்போல இருந்தால் அளவு சரி. எதுவுமே மாறவில்லை என்றால் ஒரு டெசிபெல் கூட்டுங்கள். புதிதாக வாங்கியவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்: காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் கேட்கவே கூடாதா என்று.

கர்நாடகக் கச்சேரியில் இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி வயலின். மேடையில் பார்வையாளருக்கு மிருதங்கம் பொதுவாக இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். பதிவுசெய்பவர் வயலினை வலது சேனலிலேயே முழுதாக ஒதுக்கியிருந்தால், கழித்தலில் அது மறையாது. கொஞ்சம் பின்னாலும் கசியும். தனி ஆவர்த்தனத்துக்கு முன்பு வயலின்காரர் எழுந்து வந்து உங்கள் தோளருகே உட்கார்ந்ததுபோல இருந்தால் பின் சத்தம் அதிகம்.

உண்மையான அரங்கத்தில் எவ்வளவு ஒலி பின்னாலிருந்து வருகிறது என்பதைக் காதுக்குப் பழக்குவதும் நல்லது. இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் 1998 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வீடு அது. அங்கே ஒரு மாலை, பிரிக்பீல்ட்ஸ் நுண்கலைக் கோயிலில் ஒரு கச்சேரி. இரண்டிலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் அளவை வையுங்கள்.

6. ஒயர் சரியா என்று பார்க்க ஒரு செய்தியறிக்கை

செய்தி வாசிப்பவரின் குரல் பெரும்பாலும் மோனோ, இரண்டு சேனலிலும் ஒன்றே. சரவுண்ட் மோடில் அதைக் கேட்டால் குரல் நேர் நடுவில் நிற்க வேண்டும், பின்னால் ஏறக்குறைய அமைதி இருக்க வேண்டும். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவிக் கிடந்தால் ஏதோ ஒரு முன் ஸ்பீக்கரில் ஒயரின் சிவப்பு முனையும் கறுப்பு முனையும் மாறியிருக்கின்றன. ரிசீவரை அணைத்துவிட்டு மாற்றிப் போடுங்கள்.

இதே காரணத்தால்தான் ஆகாசவாணிக் களஞ்சியத்திலிருந்து வரும் பழைய பதிவுகளில் சரவுண்ட் வேலை செய்யாது. அவை மோனோவில் பதிவானவை. கழித்தால் மிஞ்சுவது நாடாவின் இரைச்சல் மட்டும். அரியக்குடியோ ஜி.என்.பி.யோ பாடும்போது சரவுண்டை அணைத்து, முன் இரண்டு ஸ்பீக்கரில் கேளுங்கள்.

7. ரிசீவர் இல்லை, பழைய ஸ்டீரியோதான் இருக்கிறதா?

அதுவும் போதும். அமெரிக்கப் பொறியாளர் டேவிட் ஹாஃப்லர் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. மின்னணுப் பொருள் எதுவும் வேண்டாம், இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒயரும் போதும்.

முன் ஸ்பீக்கர் இரண்டும் வழக்கம்போல இருக்கட்டும். இடப்பக்கப் பின் ஸ்பீக்கரின் சிவப்பு முனையை ஆம்ப்ளிஃபையரின் இடது சிவப்போடு இணையுங்கள். வலப்பக்கப் பின் ஸ்பீக்கரின் சிவப்பை ஆம்ப்ளிஃபையரின் வலது சிவப்போடு இணையுங்கள். பின் ஸ்பீக்கர்களின் கறுப்பு முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். அவை ஆம்ப்ளிஃபையருக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான். இரண்டு சிவப்புக்கும் நடுவே இருப்பது வித்தியாசம் மட்டும் என்பதால் ஸ்பீக்கர்களே கழித்தலைச் செய்துவிடுகின்றன. முன்னும் பின்னும் 8 ஓம் ஸ்பீக்கராகப் பாருங்கள். சத்தம் அதிகமென்றால் பின் ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அது ஒலியைப் பரப்பவும் செய்யும், பெரும்பாலும் இந்த ஏற்பாட்டுக்கு அதுவே நல்லது.

ஒரு எச்சரிக்கை. இது இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டு கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். கிட்டத்தட்டச் சுழி ஓம் காட்ட வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்கள் பலவும் இந்த வகை அல்ல; அவற்றில் செய்தால் ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம். சந்தேகம் இருந்தால் செய்ய வேண்டாம்.

ஒயருக்கு ஜாலான் பாசார் கடைகள், எச்டிஎம்ஐ, ஆப்டிகல் போன்றவற்றுக்கு லோ யாட், பினாங்கில் கொம்தாரைச் சுற்றியிருக்கும் கடைகள். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் வீட்டுக்குத் தாராளம், அதற்கு மேல் சொல்லப்படும் கதைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய ரிசீவர் வாங்குவதென்றால் பின்பக்கத்தில் வோல்ட் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு 100 வோல்ட். நம் சுவரில் வருவது 230-க்கு மேல். செருகிய மறுநொடி புகை.

சவுண்ட் பார் வைத்திருப்பவர்களுக்கு: தனிப் பின் ஸ்பீக்கர் உள்ளது என்றால் மேலே சொன்னதில் பெரும்பாலானவை பொருந்தும். ஒரே கட்டையிலிருந்து சுற்றொலி வருகிறது என்று சொல்லும் வகையில் அந்த மாயத்தை அணைத்துவிட்டு ஸ்டீரியோவாகக் கேட்பதே நல்லது.

8. இரவில்

வரிசை வீட்டில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒன்று, கொண்டோவில் தரையும் கூரையும் பொது. விடியற்காலை இரண்டரைக்கு மாலர் சிம்பொனியின் பித்தளை வாத்தியங்கள் எழுந்தால் மேலாண்மை அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். சப்வூஃபரை முதலில் அணையுங்கள், சுவரைத் தாண்டுவது பெரும்பாலும் அதுதான். ரிசீவரில் ‘நைட்’ மோடு இருந்தால் மெல்லிய இடங்களைத் தூக்கிப் பெரிய இடங்களைத் தணிக்கும். பகலில் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு பைனாரல் என்று பெயரிட்ட ஒலிபரப்புகள் சில வருகின்றன. பிபிசியும் பிரெஞ்சு வானொலியும் செய்திருக்கின்றன. அவை ஹெட்ஃபோனுக்கென்றே கலந்தவை, ஸ்பீக்கரில் போட்டு மேலே சரவுண்டும் சேர்த்தால் குழப்பம்தான்.

இடி மின்னலுக்கு நம் ஊர் பேர்போனது. மாலையில் வானம் கறுத்தால் ரிசீவர், டிகோடர், மோடம் மூன்றின் பிளக்கையும் பிடுங்குங்கள், ஆன்டெனா ஒயரையும் சேர்த்து. சர்ஜ் பாதுகாப்புள்ள நீட்டிப்பு ஒயர் உதவும், ஆனால் நேராக இறங்கும் இடிக்கு அது ஈடாகாது.

எதில் தொடங்குவது?

கைத்தட்டல் இருக்கும் நேரடி ஒலிபரப்பில் தொடங்குங்கள். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமி அன்று, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும் தியாகராஜ ஆராதனையின் பஞ்சரத்ன கீர்த்தனைகளை ஆகாசவாணி ஒலிபரப்புகிறது. காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் நமக்குப் பதினொன்றரை. நூற்றுக்கணக்கான வித்வான்கள் எதிரெதிராக உட்கார்ந்து சேர்ந்து பாடுவது. நாட்டையில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும். முதல் கீர்த்தனையிலேயே பந்தலின் அகலம் தெரியவில்லை என்றால் பின் சத்தத்தை ஒரு டெசிபெல் கூட்டிப் பாருங்கள்.

மேற்கத்திய இசைக்கு வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரி. அங்கே காலை 11.15, இங்கே ஜனவரி முதல் தேதி மாலை 6.15. தொலைக்காட்சியில் காட்டினாலும் ஒலியை வானொலியிலிருந்து எடுத்துப் பாருங்கள், பேச்சுக் குறைவு. கடைசியில் ரசிகர்கள் தாளத்தோடு சேர்ந்து கைதட்டும்போது அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் விரிந்து உங்களைத் தாண்டிப் போக வேண்டும், முன்னால் இருக்கும் இரண்டு பெட்டிகளில் குவிந்திருக்கக் கூடாது.